மேற்குப் பாத்தி மாறக் கூடாது

மரக்காணத்து உப்பளத்தில் மறைவு என்று ஒன்று கிடையாது. மரம் இல்லை, புதர் இல்லை, ஒரு குட்டிச்சுவர்கூட இல்லை. கண்ணுக்கு எட்டிய மட்டும் பாத்தி, பாத்திகளுக்கு நடுவே வரப்பு, அங்கங்கே கீற்று போர்த்திய உப்புக் குவியல், அவ்வளவுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னலுக்கு வெளியே செல்போனை நீட்டி இந்த வெட்டவெளியைப் படம் பிடித்துக்கொண்டு போவார்கள். இங்கே வேலை செய்யும் பெண்கள் அவசரம் என்றால் எங்கே போவார்கள் என்று அவர்கள் யோசித்ததில்லை. யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் யோசித்ததில்லை. குத்தகைக்காரரைக் கேட்டால், கக்கூஸ் இல்லாமலேயே இத்தனை வருஷமாக உப்பு விளைகிறதே என்று ஆச்சரியப்படுவார்.

ஆகவே பெண்கள் தாங்களே ஒரு ஏற்பாடு செய்துகொண்டிருந்தார்கள். பழைய சேலை ஒன்றை இரண்டு பேர் விரித்துப் பிடிப்பார்கள். ஒருத்தி உட்காருவாள். மற்றவர்கள் முதுகைக் காட்டி நின்று, ஆம்பிளைகள் இந்தப் பக்கம் திரும்பாதபடி சத்தமாக ஊர்க்கதை பேசுவார்கள். இதற்குச் 'சேலை பிடிக்கிறது' என்று பெயர். கடல்காற்று கிளம்பிவிட்டால் சேலை நிற்காது. பிடித்தவளையும் சேர்த்து இழுக்கும். அதனால் பாதிப் பேர் அதைவிடச் சுலபமான வழியைக் கண்டுபிடித்திருந்தார்கள். வேலை முடியும்வரை தண்ணீரே குடிப்பதில்லை.

சகாயசெல்வியும் அந்தப் பாதியில் ஒருத்தி. கல்யாணமாகி வந்ததிலிருந்து மேற்குப் பாத்தியில் உப்பு வாருகிறாள். தை பிறந்தால் பாத்தியில் இறங்குவாள், ஐப்பசி மழை வந்துதான் கரையேறுவாள். இத்தனை வருஷம் வெயிலில் வாய் காய நின்றதற்கு உடம்பு இந்த வருஷம் கணக்குத் தீர்த்தது. குளிர் ஜுரம், இடுப்பு வலி, நெருப்பாக எரிச்சல். ஆஸ்பத்திரி டாக்டரம்மா அவளை உட்காரவைத்துத் திட்டினாள். தண்ணீரை நிறுத்தினால் அடுத்த முறை நீ நடந்து வர மாட்டாய், தூக்கிக்கொண்டுதான் வருவார்கள் என்றாள். எப்படிக் குடிக்க வேண்டும், எவ்வளவு குடிக்க வேண்டும் என்று விளக்கமாகச் சொன்னாள். குடித்ததை எங்கே விடுவது என்று மட்டும் சொல்லவில்லை.

சகாயசெல்வி மாத்திரையும் கையுமாகத் திரும்பி வந்த வாரத்தில்தான் விடிவெள்ளி நிகர்நிலைப் பல்கலைக்கழகம் உப்பளத்துக்கு வந்து இறங்கியது.

அந்தப் பல்கலைக்கழகத்தில் 'சமூகச் செயற்பாடு மற்றும் மாற்றவியல் துறை' என்று ஒன்று இருக்கிறது. மற்ற துறைகளில் பிள்ளைகள் புத்தகம் படித்துக் கெட்டுப்போகிறார்கள். இந்தத் துறையில் களத்துக்கே போய்ப் படிப்பார்கள். களத்துக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக, சாலையோரம் நல்ல உப்புப் பாத்தியாக இருந்த இடத்தைத் தூர்த்து 'சமூக மாற்ற மையம்' என்று கண்ணாடிக் கட்டடம் கட்டியிருந்தார்கள். உள்ளே ஏசி, வெளியே புல்தரை. அந்த மண்ணில் புல் முளைக்காது. ஆகையால் புல்லை லாரியில் கொண்டுவந்து விரித்திருந்தார்கள்.

துறைத் தலைவர் முனைவர் திருமுருகன். கதர் ஜிப்பா, தோளில் ஜோல்னாப் பை, பைக்குள் இரண்டு செல்போன். உப்பளத்து வரப்பில் ஷாமியானா போட்டுக் கூட்டிய கூட்டத்தில் அவர் வாயைத் திறந்ததும் பெண்கள் அயர்ந்துபோனார்கள். கழிப்பறை கட்டப்போகிறாராம். பூட்டும் தாழ்ப்பாளும் வைத்து, ஓடு பதித்து, தண்ணீர்த் தொட்டியோடு. சகாயசெல்வி கைதட்டினாள். அவள் கைதட்டி முடிப்பதற்குள் அவர் அடுத்த வாக்கியத்துக்குப் போய்விட்டார். வாய்க்காலுக்குக் கிழக்கே ஒரு பாத்தி, மேற்கே ஒரு பாத்தி. கழிப்பறை கிழக்குப் பக்கம்தான் வரும். சீட்டுக் குலுக்கிப் போட்டாகிவிட்டது.

"மேற்குப் பக்கத்துச் சகோதரிகள் வருத்தப்படக் கூடாது," என்றார் திருமுருகன். "உங்களுக்கு அதைவிடப் பெரிய பொறுப்பு. மாற்றம் வந்துச்சான்னு எப்படித் தெரியும்? மாறாத ஒண்ணு பக்கத்துலயே இருந்தாத்தானே தெரியும்? அந்த மாறாத ஒண்ணு நீங்கதான். உங்களுக்கு ஒப்பீட்டுக் குழுன்னு பேரு. நீங்க கொஞ்சம் மாறிட்டாக்கூட, எதிர்ப்பக்கம் வந்த மாற்றம் செல்லாமப் போயிடும். தயவுசெஞ்சு யாரும் மாறிடாதீங்க."

அப்போ நாங்க இன்னா செய்யணும் சார் என்று சகாயசெல்வி எழுந்து கேட்டாள். ஒன்றும் செய்யக் கூடாதம்மா, அதுதான் உங்கள் பங்களிப்பு என்றார் அவர் கையைக் கூப்பி. சகாயசெல்விக்கு ஒன்றும் புரியவில்லை. இந்தப் பங்களிப்பைத்தான் கட்சிக்காரர்களும் குத்தகைக்காரரும் அவளிடமிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். ஆனால் அவர்கள் யாரும் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை.

கழிப்பறை சீக்கிரமே எழும்பியது. திறப்பு விழாவுக்கு மேற்குப் பாத்திப் பெண்களையும் அழைத்தார்கள், பார்வையாளர்களாக. கிழக்குப் பெண்களுக்குச் சாவி. மேற்குப் பெண்களுக்குச் சால்வையும் சான்றிதழும். 'மாற்றத்துக்கு மாறாமல் துணைநின்றமைக்காக' என்று அதில் அச்சடித்திருந்தது. சகாயசெல்விக்குப் போர்த்திய சால்வை நல்ல கெட்டி. சேலை பிடிப்பதற்கு உதவும் என்று மடித்து வைத்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து மேற்கு வரப்பில் ஒரு குடை முளைத்தது. குடைக்குக் கீழே பூவிழி என்ற மாணவி. திண்டிவனம் பக்கத்து உள்கிராமம், விவசாயக் குடும்பம், போராட்டத்தைப் படித்துவிட்டு ஊருக்கு ஏதாவது நல்லது செய்யலாம் என்று வந்த பெண். பெண்கள் எப்போதெல்லாம் சேலை பிடிக்கிறார்கள் என்று பார்த்துச் செல்போன் செயலியில் ஏற்றுவது அவளுடைய களப்பணி. செயலியில் அதற்குப் 'பாரம்பரியச் சுகாதார நடைமுறை' என்று தலைப்பு. முதல் நாள் அவள் குடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். இரண்டாம் நாள், பார்க்காமல் எப்படிக் குறிப்பது என்று பேராசிரியரிடம் போனில் கேட்டாள். பார்க்கிறவள் பார்க்கப்படுகிறவர்களின் வாழ்வில் தலையிடக் கூடாது, குடையைக்கூட யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று பதில் வந்தது. அவள் கேட்ட கேள்விக்கும் வந்த பதிலுக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்கும் தெரியவில்லை.

அடுத்தது 'குரல் எழுப்புவோம்' வகுப்பு. உரிமைகளை எப்படிக் கேட்பது, அதிகாரிகள் முன்னால் எப்படிப் பயப்படாமல் நிற்பது, ஒருத்திக்கு ஒன்று என்றால் எல்லோரும் எப்படிச் சேர்வது என்று கிழக்குப் பெண்களுக்கு மைக் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். நல்ல வகுப்புதான். ஆனால் கடல்காற்றுக்குப் பல்கலைக்கழகத்தின் ஆய்வு முறை தெரியாது. அது கிழக்கிலிருந்து கிளம்பி மைக் சொன்னதையெல்லாம் சுமந்துகொண்டு நேராக மேற்குப் பாத்திக்கு வந்தது. குரல் எழுப்பும் உரிமை ஒப்பீட்டுக் குழுவின் காதில் விழுந்துவிட்டதாகத் துறையில் பெரிய பரபரப்பு. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வகுப்பு நடக்கிற நேரத்தில் மேற்குப் பெண்கள் காதில் பஞ்சு வைத்துக்கொள்ள வேண்டும்.

பூவிழிதான் பஞ்சு கொண்டுவந்தாள். கொடுக்கும்போது அவள் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெண்களும் பாவம் படிக்கிற பிள்ளை, மார்க்கு போய்விடப் போகிறது என்று வாங்கி வைத்துக்கொண்டார்கள். சகாயசெல்வி குனிந்து உப்பு வாரும்போது ஒரு காதுப் பஞ்சு பாத்தியில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை. மற்ற காதிலிருந்ததையும் எடுத்துப் போட்டுவிட்டு வகுப்பை முழுசாகக் கேட்டாள்.

இதெல்லாம் ஒரு பக்கம் இருக்க, அவள் மாத்திரை தீர்ந்துகொண்டிருந்தது. தண்ணீர் குடித்தால் அவஸ்தை, குடிக்காவிட்டால் ஜுரம். பாட்டிலைக் கையில் எடுப்பாள், மூடியைத் திறப்பாள், வானத்தைப் பார்ப்பாள், மூடிவிடுவாள். எதிர்க்கரையிலிருந்து இதைக் கவனித்தவள் கொளஞ்சியம்மாள். குத்தகை மாறி அவள் கிழக்குப் பாத்திக்குப் போவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரே பாத்தியில் நின்றவர்கள், ஒருத்திக்கு ஒருத்தி சேலை பிடித்தவர்கள்.

"இன்னாடி, அங்கயே நின்னுக்கினு பாட்டிலை மொறச்சிப் பாக்குற?" என்று வாய்க்காலுக்கு அந்தப் பக்கமிருந்து அவள் கத்தினாள். "கட்டை மேல ஏறி வாடி."

வாய்க்காலுக்குக் குறுக்கே ஒரு பனங்கட்டை கிடந்தது. சகாயசெல்வி ஏறிப் போனாள். கொளஞ்சியம்மாள் சாவியைப் போட்டுக் கதவைத் திறந்துவிட்டாள். உள்ளே ஓடு, குழாய், வாளி, மேலே ஒரு சின்ன ஜன்னல். கதவுக்கு உட்பக்கம் தாழ்ப்பாள். சகாயசெல்வி அதைப் போட்டாள், எடுத்தாள், திரும்பவும் போட்டாள். அவள் வேலை செய்த இத்தனை வருஷத்தில் அவள் பக்கம் தாழ்ப்பாள் இருந்தது இதுதான் முதல் தடவை. யாரும் பார்க்கவில்லை, யாரும் அவளுக்காக முதுகைக் காட்டி நிற்கவில்லை, காற்று வந்து எதையும் பிடுங்கவில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில் அவளுக்கு அழுகை வந்துவிட்டது. வெளியே வந்து பாட்டிலைக் கவிழ்த்துத் தொண்டை நனையக் குடித்தாள்.

அதற்கப்புறம் தினமும் போனாள். அவள் போவதைப் பார்த்து மற்ற பெண்களும் போனார்கள். சால்வை, சேலை எல்லாம் வீட்டுப் பெட்டிக்குத் திரும்பின. பூவிழியின் செயலியில் பாரம்பரியச் சுகாதார நடைமுறை வரவரக் குறைந்து ஒருநாள் காணாமலே போயிற்று. எங்கே போயிற்று என்று துறையிலிருந்து கேட்டார்கள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத பெண், பனங்கட்டை வழியாக எதிர்க்கரைக்குப் போயிற்று என்று எழுதிவிட்டாள்.

பல்கலைக்கழகத்துக் கார்கள் வரிசையாக வந்து நின்றன. திருமுருகன் பனங்கட்டையைப் பார்த்துத் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். வெளிநாட்டு நிதி, உள்நாட்டுக் கருத்தரங்கு, இரண்டு பேருடைய பதவி உயர்வு எல்லாம் அந்தக் கட்டை மேல் நிற்பதாக அவர் சொன்னார். ஒப்பீட்டுக் குழுவில் மாசு கலந்துவிட்டதாம். அதைக் கேட்டு மேற்குப் பெண்கள் தங்கள் கைகால்களைப் பார்த்துக்கொண்டார்கள். கழிப்பறைக்குப் போய்க் கைகால் கழுவிவிட்டு வந்ததிலிருந்து அவர்கள் முன்னைக்கு எவ்வளவோ சுத்தமாகத்தான் இருந்தார்கள்.

மாசைத் தடுக்கக் கிழக்குப் பெண்கள் கையில் பச்சைப் பட்டை கட்டினார்கள். பட்டை உள்ளவளுக்குத்தான் கழிப்பறை. வாசலில் பட்டையைச் சரிபார்க்கப் பூவிழியை நிறுத்தினார்கள். மக்கள் போராட்டத்தைப் படிக்கச் சேர்ந்தவளுக்குக் கக்கூஸ் வாசலில் காவல் வேலை. அதற்குத் தனியாக மதிப்பெண்ணும் உண்டு. கொளஞ்சியம்மாள் உள்ளே போய்விட்டு வந்து பட்டையைக் கழற்றிச் சகாயசெல்வி கையில் மாட்டிவிடுவாள். சகாயசெல்வி அடுத்தவளுக்கு மாட்டுவாள். பூவிழி ஒவ்வொரு முறையும் பட்டையை உற்றுப் பார்ப்பாள். கையைப் பார்க்க மாட்டாள். பட்டைக்காரி ஒருத்தி ஒரே காலையில் இத்தனை தடவை போவதாகக் கணக்கு ஏறியதும், கிழக்குப் பாத்தியில் வயிற்றுப்போக்கு பரவியிருப்பதாகத் துறைக்குச் சந்தேகம் வந்து ஒரு மருத்துவக் குழுவை அனுப்பினார்கள். மருத்துவக் குழு உண்மையைக் கண்டுபிடித்தது. மறுநாள் பனங்கட்டையை எடுத்துவிட்டார்கள்.

வாய்க்காலில் கழுத்தளவு தண்ணீர். சாலைப் பாலத்தைச் சுற்றிப் போய் வந்தால் கூலி போய்விடும். சகாயசெல்வி பழையபடி பாட்டிலை மூடி வைத்தாள். சேலை பிடிக்க ஆரம்பித்தார்கள், காற்று பிடுங்கிற்று. அந்த வாரமே அவளுக்குக் குளிர் ஜுரம் திரும்பி வந்தது. பல் கிட்ட நடுங்கிக்கொண்டே வேலைக்கு வந்தவளைப் பார்த்துப் பூவிழி பயந்துபோனாள். டாக்டரம்மா எழுதிக் கொடுத்த சீட்டை வாங்கிக்கொண்டு போய்த் துறையில் கொடுத்தாள். இந்த அக்காவை மட்டுமாவது கழிப்பறைக்கு விடுங்கள் என்று கெஞ்சினாள்.

துறை கல் நெஞ்சுக்காரத் துறை அல்ல. உடனே அறநெறிக் குழுவைக் கூட்டியது. சமூக மாற்ற மையத்தில் ஏசியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, மதியச் சாப்பாடு சாப்பிட்டு, காப்பி குடித்து, நடுநடுவே எழுந்து போய்விட்டு வந்து, குழுவினர் ஆழமாக விவாதித்தார்கள். அந்தப் பெண்ணைக் கழிப்பறைக்கு அனுமதித்தால் ஆய்வு கெடும். ஆய்விலிருந்து நீக்கினால் ஏன் நீக்கினோம் என்று எழுத வேண்டிவரும். சாயங்காலம் தீர்மானம் வந்தது. மறுநாள் காலையில் பூவிழி அதை வரப்பில் நின்று வாசித்தாள்.

"பங்கேற்பாளரின் நலனும் ஆய்வின் நேர்மையும் ஒருசேரக் காக்கப்படும் பொருட்டு, ஆய்வுக் காலம் முடியும்வரை அவர் தண்ணீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்ளுமாறு பரிவுடன் அறிவுறுத்தப்படுகிறார்."

வாசித்து முடித்ததும் பூவிழி தாளை மடித்துப் பைக்குள் திணித்தாள். சகாயசெல்வி உப்பு வாரும் பலகையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"பரிவுடன்னா இன்னா பாப்பா?"

"அன்போடன்னு அர்த்தங்க்கா."

"சரிதான். அன்போட சாவச் சொல்றாங்க."

அவளுக்கு வந்த கோபம் கத்துகிற கோபமாக இல்லை. இத்தனை நாள் இவர்கள் பெரிய படிப்பு படித்தவர்கள், நமக்குப் புரியாத ஏதோ ஒரு நன்மை இதில் இருக்கும் என்று அவள் ஒரு ஓரத்தில் நம்பிக்கொண்டிருந்தாள். அந்த நம்பிக்கை அன்றைக்குப் போயிற்று. புரியாமல் போனது அவள் குற்றமில்லை. அதில் புரிவதற்கு ஒன்றுமே இல்லை. பலகையைப் போட்டுவிட்டு, வாய்க்கால் ஓரமாகச் சாலைப் பாலம் வரை நடந்து, சுற்றிக்கொண்டு கொளஞ்சியம்மாளைத் தேடிப் போனாள்.

அங்கே வேறு கூத்து நடந்துகொண்டிருந்தது. நிதி கொடுத்த அமைப்பிலிருந்து ஒரு அம்மா ஆய்வை மதிப்பிட வந்திருந்தார். மாணவர்கள், காமிரா, இளநீர். திருமுருகன் கழிப்பறை வாசலில் நின்று, ஆய்வு அதன் இறுதிக் கட்டத்துக்கு வந்துவிட்டதாக அறிவித்தார்.

"கழிப்பறை இருக்கும்போது மாறுறது பெரிய விஷயமில்லை," என்றார் அவர். "கழிப்பறையை எடுத்த பிறகும் அந்த மாற்றம் மக்கள் மனசுல நிலைச்சு நிக்குதா? அதுதான் உண்மையான மாற்றம். அதனால இன்னிக்கு இதைப் பூட்டுறோம். வெளியிலிருந்து வர்ற வசதியை நம்பாம, தன்னம்பிக்கையோட நிக்கிற பெண்களாக் கிழக்குப் பாத்திச் சகோதரிகளை நாம பாக்கப்போறோம்."

எல்லோரும் பார்க்க அவரே பூட்டைப் போட்டுச் சாவியை ஜோல்னாப் பைக்குள் போட்டுக்கொண்டார். மாணவர்கள் கைதட்டினார்கள். கொளஞ்சியம்மாள் கைதட்டவில்லை. வாய்க்குள் ஏதோ சொன்னாள். அதை அச்சில் போட முடியாது. கார்கள் கிளம்பி மையத்துக்குப் போய்விட்டன. அங்கே நிறைவுக் கருத்தரங்கும் சாப்பாடும் இருந்தன.

கிழக்குப் பெண்கள் பூட்டைப் பார்த்தபடி நின்றார்கள். பாலத்தைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பெண்களும் ஒவ்வொருத்தியாக வந்து சேர்ந்தார்கள். நீங்க மாறின குழுதானே, இன்னா முழிக்கிறீங்க என்று சகாயசெல்வி கேட்டாள். இப்போ எல்லாம் ஒண்ணுதாண்டி என்றாள் கொளஞ்சியம்மாள். பூட்டை உடைக்கலாம் என்று ஒருத்தி கல்லை எடுத்தாள். சகாயசெல்வி வேண்டாமென்றாள். உடைத்தால் போலீஸ் வரும், உடைத்தவள் மேல் கேஸ் வரும்.

"அவங்க நம்ம எடத்துக்கு வந்து நம்மளப் பாத்தாங்க இல்ல? நாம அவங்க எடத்துக்குப் போவோம். இதுக்கு யாரும் கேஸ் போட முடியாது."

உப்புப் படிந்த காலோடு, தலையில் சும்மாட்டுத் துணியோடு, அத்தனை பெண்களும் சாலையோரமாக மையத்துக்கு நடந்தார்கள். கேட்டில் வாட்ச்மேன் சிங்காரம் கையை நீட்டி மறித்தான். எங்கே போறீங்க என்று அதட்டினான். களப்பணிக்கு வந்திருக்கோம் என்றாள் சகாயசெல்வி. சிங்காரத்துக்கு அந்த வார்த்தை நன்றாகப் பழக்கம். அதைச் சொன்ன யாரையும் அவன் இதுவரை தடுத்ததில்லை. போதாததற்கு அவன் பெண்டாட்டியும் கூட்டத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டைத் திறந்துவிட்டான்.

வராந்தாக் கோடியில் கழிப்பறைகள் இருந்தன. ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெண்கள் இரண்டுக்கும் வரிசை கட்டினார்கள். கோஷம் இல்லை, பதாகை இல்லை. ஒருத்தி உள்ளே போனாள், தாழ்ப்பாள் போட்டாள், நிதானமாகக் கைகால் முகம் கழுவினாள், வந்தாள், வரிசையின் வாலில் போய் நின்றாள். அடுத்தவள் உள்ளே போனாள். விரித்த புல்தரையையும் தாண்டி வரிசை வளைந்து நின்றது. அதன் இரண்டு முனைகளும் ஓய்வதாகத் தெரியவில்லை.

கருத்தரங்கு இடைவேளைக்கு வெளியே வந்தவர்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். திருமுருகன் ஓடி வந்தார். முதலில் அன்பாகப் பேசினார், பிறகு இது அத்துமீறல் என்றார், பிறகு நிதி கொடுத்த அம்மா பார்ப்பதைக் கவனித்துத் திரும்பவும் அன்பாகப் பேசினார். இது போராட்டமா என்று அந்த அம்மா சகாயசெல்வியைக் கேட்டார். இல்லீங்கம்மா, அவசரம் என்றாள் அவள். அந்த அம்மா வரிசையைத் தலையிலிருந்து வால் வரை பார்த்தார். இதில் மாறிய குழு எது, மாறாத குழு எது என்று திருமுருகனிடம் திரும்பிக் கேட்டார்.

திருமுருகன் கிழக்குப் பெண்களை ஒரு பக்கம் வரச் சொன்னார். யாரும் அசையவில்லை. மேற்குப் பெண்களை வரச் சொன்னார். அதற்கும் யாரும் அசையவில்லை. பச்சைப் பட்டையைக் காட்டச் சொன்னார். யாரும் கையை நீட்டவில்லை. மாணவர்களுக்கோ ஒரு மக்கள் செயற்பாட்டை நேரில் பார்த்து எழுதினால்தான் தேர்ச்சி. கல்விப் பருவம் முடியப் போகிற நேரத்தில் அது தானாகவே வாசலுக்கு வந்திருந்தது. அவர்கள் மும்முரமாகப் படம் பிடித்தார்கள். பூவிழி படம் பிடிக்கவில்லை. பையை ஒரு தூணோரம் வைத்துவிட்டுக் கொளஞ்சியம்மாளுக்குப் பின்னால் போய் நின்றாள். பார்ப்பவள் தலையிடக் கூடாது என்று திருமுருகன் அவளிடம் சொன்னார். நான் பார்க்க வரலை சார், எனக்கும் அவசரம் என்றாள்.

நிதி கொடுத்த அம்மாவும் யோசித்துவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். அவர் காலையில் இரண்டு இளநீர் குடித்திருந்தார். திருமுருகன் மூன்று.

வெயில் ஏறிற்று. திருமுருகன் ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி மாறி நின்றார். போனை எடுத்துப் பேசுவது போல நடந்தார், திரும்பினார். கடைசியில் ஆண்கள் கழிப்பறைக் கதவை நோக்கி, ஒரு நிமிஷம் வழி விடுங்கம்மா என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டே முன்னேறினார். கதவுக்கு முன்னால் சகாயசெல்வி நின்றாள்.

"சார், நீங்க எந்தக் குழு?"

அவருக்கு நெற்றியெல்லாம் வியர்த்திருந்தது. மேற்குப் பாத்தியில் தான் இப்படி நின்ற நாட்களை எண்ணிப் பார்த்தால் அவளுக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொளஞ்சியம்மாள் மரியாதையாக ஒதுங்கி, வரிசையின் வால் இருக்கிற இடத்தைக் கையால் காட்டினாள். அவர் சட்டென்று பைக்குள் கைவிட்டுக் கிழக்குக் கழிப்பறைச் சாவியை எடுத்து நீட்டினார். பூட்டைத் திறந்துகொள்ளுங்கள், இனி பூட்டவே மாட்டோம், தயவுசெய்து எல்லோரும் கிளம்புங்கள் என்றார். கொளஞ்சியம்மாள் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். ஆனால் கிளம்பவில்லை. கிழக்குப் பெண்கள் ஒருத்திகூடக் கிளம்பவில்லை.

"இது எங்களுக்கு ஆச்சு," என்றாள் கொளஞ்சியம்மாள். "இவளுங்களுக்கு?"

பரிசீலிப்பதாக அவர் சொன்னார். பரிசீலித்து முடியும்வரை தினமும் வந்து போகிறோம் என்று பெண்கள் சொன்னார்கள். துறைக்குழு கூட வேண்டும், நிதிக்குழு கூட வேண்டும் என்றார். கூடட்டும், கூடுகிற இடத்தில்தானே நாங்களும் நிற்கப்போகிறோம் என்றார்கள். அதற்கப்புறம் அவரால் நிற்க முடியவில்லை. வரிசையின் வாலுக்கு வேகமாக நடந்தார். நடக்கக் கூடிய அளவுக்கு வேகமாக.

வராந்தாவில் குளிர்ந்த தண்ணீர் வரும் இயந்திரம் ஒன்று இருந்தது, விருந்தினர்களுக்காக. சகாயசெல்வி அதனிடம் போனாள். டம்ளரை வைத்துக் குழாயை அழுத்தினாள். அறநெறிக் குழுவினர் சாப்பாட்டுக் கையோடு வாசலில் வந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தபடியே டம்ளரை வாயில் கவிழ்த்துக் குடித்தாள். மறுபடி நிரப்பினாள், குடித்தாள். மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி நிரப்பினாள். வயிறு நிறைந்து, முகவாயிலிருந்து ரவிக்கை வரை நனைந்து, போதும் என்று ஆனதும் டம்ளரைக் கவிழ்த்து வைத்தாள். சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டு, பேராசிரியருக்குப் பின்னால் போய் வரிசையில் நின்றாள்.